குறை கூறாத குடிகள்

ஒரு நாட்டில் பசி இல்லை, போர் இல்லை, வேலையற்றோர் இல்லை. அந்நாட்டுக் குடிகளுள் ஒருவரேனும் தம் நிலை குறித்துக் குறை கூறுவதும் இல்லை. அத்தகைய நாட்டை நீதியுள்ள நாடு என்று நாம் ஒப்புக்கொள்ளலாமா?

இவ்வினா வீண் வினா அன்று. ஒரு சமுதாய அமைப்பின் கொடுமையை எடுத்துக் கூறும்போதெல்லாம், அதனைக் காக்க முன்வருவோர் கடைசியாக எடுக்கும் ஆயுதம் ஒன்று உண்டு. "அவர்கள் தத்தம் நிலையில் மகிழ்ச்சியாகத்தானே இருக்கிறார்கள்? நீங்கள் ஏன் இடையில் புகுந்து அவர்கள் மனத்தைக் கலைக்கிறீர்கள்?" என்பதே அது. இச்சொற்களைக் கேளாதார் நம்முள் அரியர். நம் பாட்டன்மாரும் கேட்டிருக்கின்றனர்.

"இல்லை, அவர்கள் மகிழ்ச்சியாக இல்லை" என்று மறுமொழி கூறிவிடலாம். பெரும்பாலும் அதுவே உண்மையும் ஆகும். ஆயினும் வாதத்தின் பொருட்டு, அவர்கள் மெய்யாகவே மகிழ்ச்சியாக இருக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது நாம் என்ன சொல்வது? வரலாற்றில் இதற்கு விடை தேடுதல் இயலாது. எல்லாரும் மனநிறைவு கொண்டிருந்த நாடு வரலாற்றில் இருந்ததில்லை. கதையில்தான் அதனைக் கட்டிப் பார்க்க முடியும். மேலைநாட்டு எழுத்தாளர் சிலர் அவ்வாறு கட்டிப் பார்த்திருக்கின்றனர். குறையே இல்லாதது போன்ற ஒரு சமுதாயத்தைப் படைத்து, அதன் அடியில் மறைந்து கிடக்கும் கேட்டினை வாசகர் தாமே கண்டுகொள்ளுமாறு எழுதப்படும் இக்கதைகளை டிஸ்டோபியா என்னும் பெயரால் வழங்குவர். பொழுதுபோக்குக் கதைகள் என்று இவற்றை ஒதுக்குவோர் உளர். நாம் அவ்வாறு ஒதுக்க விரும்பவில்லை.

இக்கதைகளுக்கு மூதாதை என்று சொல்லத்தக்கது 1516-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தாமஸ் மோர் இலத்தீன் மொழியில் வெளியிட்ட 'யுட்டோப்பியா' ஆகும். 'எங்கும் இல்லாத இடம்' என்பது அப்பெயரின் பொருள். ஐம்பத்து நான்கு நகரங்கள் கொண்ட அத்தீவில் தனிச்சொத்து இல்லை. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமே உழைப்பு. பொன்னுக்கு மதிப்பில்லாமையால் அதனைக் கொண்டு மலசலப் பாத்திரங்கள் செய்கின்றனர். இவ்வருணனையில் எவ்வளவு விளையாட்டு, எவ்வளவு மெய் என்பது பற்றி அறிஞர் இன்றும் வழக்கிடுவர். எவ்வாறாயினும் சிறந்த நாடு என்றே அது நம்முன் வைக்கப்படுகிறது.

அந்நூலில் ஓரிடம் நம்மை நிற்கச் செய்கிறது. ஊன் உணவுக்காக விலங்குகளைக் கொல்லும் தொழில் அந்நாட்டுக் குடிமக்களுக்கு இல்லை. அடிமைகள் நகருக்கு வெளியே கொன்று, ஓடும் நீரில் கழுவித் தூய்மை செய்து கொண்டுவருகின்றனர். கொலைத்தொழில் பழகினால் மனிதனிடத்துள்ள இரக்கம் சிறிது சிறிதாகத் தேய்ந்துவிடும் என்று அந்நாட்டார் அஞ்சுவதே அதற்குக் காரணம். எவ்வளவு மென்மையான நெஞ்சம்! இறைச்சியை மட்டும் அவர்கள் விடவில்லை. குடிமகனின் இரக்கம் தேயாமல் இருக்கவேண்டும். அடிமையின் இரக்கம் தேய்ந்தால் தேயட்டும். நாட்டுப்புறக் குடும்பம் ஒவ்வொன்றிலும் நாற்பது பேருக்குக் குறையாமல் இருப்பர், அவர்களுக்குப் புறம்பாக இரண்டு அடிமைகளும் இருப்பர் என்று நூல் கணக்குச் சொல்கிறது. நாற்பதில் சேராத அந்த இருவரைப் பற்றி அதற்குமேல் நாம் அறிவது சிறிதே. அழுக்கான தொழிலை ஒரு கூட்டத்தார்மேல் சுமத்திவிட்டுப் பின்னர்த் தம் தூய்மையைத் தாமே மெச்சிக்கொள்ளும் வழக்கத்தை நாம் மோரிடம் சென்று கற்கவேண்டியதில்லை.

மோருக்கும் முன்னே கிரேக்கத்தின் பிளேட்டோ தம் இலட்சிய நாட்டில் மக்களை மூவகையாகப் பிரித்தார். பிறக்கும்போதே சிலரது உயிரில் பொன்னும், சிலரது உயிரில் வெள்ளியும், சிலரது உயிரில் இரும்பும் வெண்கலமும் கலக்கப்பட்டன என்னும் கதையைக் குடிகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்றார். அது பொய் என்பதை அவரே மறைக்கவில்லை. நன்மைக்காகச் சொல்லப்படும் பொய் என்றார். பாபாசாகேப் அம்பேத்கர் 1936-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' என்னும் உரையில் இப்பிரிவினையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மனிதனும் ஒப்பற்ற தனித்தன்மை உடையவன் என்பதைப் பிளேட்டோ உணரவில்லை என்று காட்டியிருப்பதை நம் வாசகர் அறிவர். ஆதலின் அதனை இங்கு விரிக்கவில்லை.

நாம் விரித்துப் பேச விரும்புவது ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிரேவ் நியூ வேர்ல்டு' என்னும் நாவலைப் பற்றியே ஆகும். ஹக்ஸ்லி அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1925-26-இல், இந்தியாவில் பயணம் செய்து அதனை நூலாகவும் எழுதியவர். தம் நாவலில் மனிதரை ஐந்து வகையாகப் பிரித்து, ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா, எப்சிலன் என்று கிரேக்க எழுத்துகளால் பெயரிட்டார். இப்பிரிவுகளை அவர் வகுப்பு என்றோ இனம் என்றோ அழைக்கவில்லை. போர்ச்சுகீசியர் நம் நாட்டுக்கு வந்து நம் நிலையைக் கண்டு வழங்கிய சொல்லையே, அதாவது சாதியைக் குறிக்கும் 'காஸ்ட்' என்னும் சொல்லையே, எடுத்தாண்டார். குடிகளின் கவலையை மறக்கடிக்கும் மாத்திரைக்கு அவர் இட்ட பெயர் 'சோமா'. வேள்வியில் பிழிந்து பருகப்பட்ட அதே சோமத்தின் பெயர்தான். ஆறு நூற்றாண்டுக்குப் பின் வரப்போகும் இலண்டன் மாநகரைப் பற்றிய கதையானாலும், அதில் நமக்குப் பழகிய வாடை வீசுவது இதனாலேயே.

அந்நாட்டில் தாய் வயிற்றில் எவரும் பிறப்பதில்லை. முப்பத்து நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில், கண்ணாடிக் குப்பிகளில் கரு வளர்க்கப்படுகிறது. கீழ்ச்சாதிகளுக்கான கரு ஒன்றைப் பிளந்து, தொண்ணூற்றாறு வரை ஒரே அச்சான பிள்ளைகளை உண்டாக்குகின்றனர். சாதி தாழத் தாழக் கருவுக்குச் செல்லும் பிராணவாயுவையும் குறைக்கின்றனர். அறிவு மழுங்குவதற்கும் உடல் குறுகுவதற்கும் அதுவே வழி. வளர்ந்தபின் அவரவர் சாதிக்கு ஒரு நிறத்தில் உடை: ஆல்பாவுக்குச் சாம்பல், காமாவுக்குப் பச்சை, டெல்டாவுக்குக் காக்கி, எப்சிலனுக்குக் கறுப்பு. வருணம் என்னும் சொல்லுக்கும் நிறம் என்பதே பொருள் என்பதை ஹக்ஸ்லி எண்ணினாரோ எண்ணவில்லையோ, நாம் எண்ணாமல் இருக்க இயலவில்லை.

இனி, அந்நாவலின் இரண்டாம் அதிகாரத்தில் வரும் ஒரு நிகழ்ச்சி. எட்டு மாதக் குழந்தைகள் ஒரு கூடத்திற்குக் கொண்டுவரப்படுகின்றன. எல்லாம் காக்கி உடுத்த டெல்டாக் குழந்தைகள். தரையில் ரோஜா மலர்களும் படங்கள் நிறைந்த புத்தகங்களும் பரப்பப்பட்டுள்ளன. குழந்தைகள் மகிழ்ச்சிக் குரல் எழுப்பிக்கொண்டு அவற்றை நோக்கித் தவழ்கின்றன, மலர்களைப் பிடிக்கின்றன, தாள்களைக் கசக்குகின்றன. உடனே பேரொலி எழுகிறது, அபாய மணிகள் அலறுகின்றன, குழந்தைகள் வீறிடுகின்றன. அதன்பின் தரையில் மின்சாரம் பாய்ச்சப்படுகிறது. இவ்வாறு இருநூறு முறை செய்தால், புத்தகத்தைக் கண்டாலும் மலரைக் கண்டாலும் அக்குழந்தைகள் வாழ்நாள் முழுவதும் அஞ்சி ஒதுங்கும் என்று நிலையத்தின் தலைவர் மாணவர்களுக்கு விளக்குகிறார். கீழ்ச்சாதியான் புத்தகம் படித்தால் காலம் வீணாகும். அதற்கும் மேலாக, ஊட்டப்பட்ட பழக்கத்தைக் கலைக்கும் எதையேனும் அவன் படித்துவிடக்கூடும். மலரை விரும்பினாலோ ஆலைகளுக்கு இலாபம் இல்லை.

இந்நிகழ்ச்சியின் கொடுமையைப் பலரும் எடுத்துரைத்துள்ளனர். நாம் வேறொன்றைக் காண வேண்டுகிறோம். குழந்தைகள் முதலில் என்ன செய்தன? புத்தகத்தை நோக்கித் தவழ்ந்தன. கருவிலேயே பிராணவாயுவைக் குறைத்து, அறிவை மழுக்கிப் பிறப்பித்த பின்னரும், அவை புத்தகத்தை நோக்கியே தவழ்ந்தன. தாழ்ந்தவன் இயல்பிலேயே தாழ்ந்தவன் என்றால் அவனைத் தாழ்த்துவதற்கு இத்தனை பாடு எதற்கு? குப்பிக்குள் ஒரு முறை, கூடத்தில் இருநூறு முறை, உறக்கத்தில் காதோரம் நூற்றுக்கணக்கான முறை என்று ஓயாமல் வேலை செய்தால்தான் ஒருவனைக் கீழே வைத்திருக்க முடிகிறது. கீழே இருத்தல் அவன் இயல்பன்று என்பதற்கு இந்த வேலையே சான்று. கற்கும் ஆற்றல் இல்லாதவன் என்று ஒருவனைப் பழித்த அதே சாத்திரங்கள், அவன் கற்றலாகாது என்று தடையும் விதித்தன. ஆற்றல் இல்லாதவனுக்குத் தடை எதற்கு என்று அவற்றை எழுதியோர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இவ்வாறு காணும்போது, 'மறைந்திருக்கும் குறை' என்பது கட்டடத்தில் எங்கோ ஒரு மூலையில் விழுந்த விரிசல் அன்று என்பது விளங்கும். கட்டடம் நிற்பதே அதன்மேல்தான். குடிகளின் மனநிறைவு தானாக விளைந்த பயிர் அன்று. நாள்தோறும் உற்பத்தி செய்யப்படும் சரக்கு. உற்பத்தி ஒரு நாள் நின்றால் என்ன ஆகும் என்பதும் கதையில் உண்டு. மாலைதோறும் வழங்கப்படும் சோமா மாத்திரையை ஜான் என்னும் இளைஞன் சன்னல் வழியே வீசி எறிகிறான். உடனே நூற்று அறுபத்திரண்டு டெல்டாத் தொழிலாளர் அவன்மேல் பாய்கின்றனர். காவலர் வந்து, சோமா கலந்த ஆவியைப் பரப்பிச் சமாதானப் பேச்சை இசைத்தட்டில் ஒலிக்கச் செய்தபின் அனைவரும் அழுது ஒருவரையொருவர் தழுவிக்கொள்கின்றனர்.

அந்நாட்டின் ஆட்சியாளர் பதின்மருள் ஒருவர் முஸ்தபா மாண்ட். அவர் மூடர் அல்லர். ஏற்றத்தாழ்வு ஏன் வேண்டும் என்பதற்கு அவர் ஒரு சோதனையை எடுத்துக்காட்டுகிறார். சைப்ரஸ் தீவில் இருபத்திரண்டாயிரம் ஆல்பாக்களை மட்டும் குடியேற்றினார்களாம். எல்லாரும் உயர்ந்த சாதி. நிலமும் ஆலைகளும் அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டன. நிலம் சரிவர உழப்படவில்லை, ஆலைகளில் வேலைநிறுத்தம், தாழ்ந்த வேலையில் அமர்ந்தோர் உயர்ந்த வேலைக்காக ஓயாது சூழ்ச்சி செய்தனர். ஆறு ஆண்டுக்குள் உள்நாட்டுப் போர் மூண்டது. பத்தொன்பதாயிரம் பேர் மாண்டபின், எஞ்சியோர் மீண்டும் தம்மை ஆளுமாறு வேண்டிக்கொண்டனர். ஆகவே சமுதாயம் பனிமலையைப் போல அமைதல் வேண்டும் என்கிறார் மாண்ட்: ஒன்பதில் எட்டுப் பங்கு நீருக்கு அடியில், ஒரு பங்கு மேலே.

நாவலைப் படித்தோருள் பலர் இவ்விடத்தில் மாண்டின் வாதத்திற்கு மறுமொழி இல்லை என்று எண்ணி மயங்குகின்றனர். மறுமொழி எளியது. சைப்ரஸில் குடியேறியவர் சமமான மனிதர் அல்லர், ஆல்பாக்கள். பிறருக்கு மேலே நிற்பதற்கென்றே குப்பியில் வார்த்து, உறக்கத்தில் அதையே ஓதி வளர்க்கப்பட்டோர். நிலத்தை உழுதல் இழிவு என்று கற்பிக்கப்பட்டவனிடம் ஏரைக் கொடுத்துவிட்டு, அவன் உழவில்லை என்றால் அது யாருடைய தோல்வி? அச்சோதனை சமத்துவத்தைச் சோதிக்கவே இல்லை. உயர்சாதி மனப்பான்மையையே சோதித்தது. கீழே மிதிக்க ஆள் இல்லாதபோது அம்மனப்பான்மை தன்னைத்தானே கடித்துக்கொண்டு மாண்டது. ஜான் இதனைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஹக்ஸ்லியும் அவனைச் சொல்ல விடவில்லை.

ஆயினும் மாண்டின் வாதத்தில் எளிதில் தள்ள முடியாத பகுதி ஒன்றும் உண்டு. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. அவருடைய நாட்டில் பசி இல்லை. கூரை இல்லாதவன் இல்லை. வயிறு நிரம்பியவர் அமர்ந்து, 'துன்பப்படும் உரிமையும் மனிதனுக்கு வேண்டும்' என்று பேசுவது இனிமையாக இருக்கலாம். பட்டினி கிடந்த தாயிடம் சென்று, "சோமாவும் சோறும் உள்ள அடிமை வாழ்வு வேண்டுமா, சோறில்லாத உரிமை வாழ்வு வேண்டுமா?" என்று கேட்டால், அவள் தன் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு முன்னதையே கேட்கக்கூடும். அவளைப் பழிக்க நமக்கு நாவெழவில்லை. துன்பத்தை ஒரு பெருமையாகப் போற்றும் மரபும் நம்முடையதன்று. ஜான் சாட்டையெடுத்துத் தன் உடலைத் தானே அடித்துக்கொள்வதில் நாம் எந்த உயர்வையும் காணவில்லை.

நாம் கேட்பது வேறு. அந்த இரண்டை மட்டுமே அவள் முன் வைத்தவர் யார்? சோற்றையும் உரிமையையும் பிரித்துத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டியவர் யார்? 1946-ஆம் ஆண்டில் தம் நாவலுக்குப் புதிய முன்னுரை எழுதிய ஹக்ஸ்லி, ஜானுக்கு இருவழிகளை மட்டுமே காட்டி மூன்றாம் வழியைக் காட்டாமற் போனதே நூலின் பெருங்குறை என்று தாமே ஒப்புக்கொண்டார். தம் நூலைப் பற்றி இவ்வாறு எழுத எல்லாருக்கும் மனம் வராது, அதனைப் பாராட்டுகிறோம். ஆனால் நம் கண்ணுக்குப் படும் பெருங்குறை வேறு. அந்நாவலில் அமைப்பை எதிர்த்து முணுமுணுப்போர் யாவர்? பெர்னார்டு ஓர் ஆல்பா. ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஓர் ஆல்பா. ஜான் ஒரு பீட்டாப் பெண்ணின் மகன். கீழே உள்ள எட்டுப் பங்கில் ஒருவனுக்கேனும் ஹக்ஸ்லி ஒரு முழுச் சிந்தனையைக் கொடுக்கவில்லை. டெல்டாக்களைக் கண்ட ஜானுக்குத் தோன்றுவதும் புழுக்கள் நெளிகின்றன என்னும் அருவருப்பே. விடுதலை தருகிறேன் என்று அவர்கள் முன் முழங்குகிறான்; அவர்களுள் ஒருவனிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தாம் சொன்ன மூன்றாம் வழியை ஹக்ஸ்லி 1962-இல் 'ஐலண்ட்' என்னும் நாவலில் எழுதிப் பார்த்தார். பாலா என்னும் அத்தீவில் மகாயான பௌத்தம் வாழ்வோடு கலந்து நிற்கிறது. மக்கள் அச்சமின்றி வாழ்கின்றனர். இறுதியில் எண்ணெய் வளத்திற்காக அண்டைநாட்டுப் படை புகுந்து தீவைக் கைக்கொள்கிறது. நம் சமயத்தின் பெயர் அதில் இருப்பதைக் கண்டு நாம் மகிழ்ந்துவிடலாகாது. அத்தீவின் நல்வாழ்வை வகுத்தவர் ஓர் அரசரும் ஒரு ஸ்காட்லாந்து மருத்துவருமே. நல்லதாயினும் மேலிருந்து இறங்கி வந்த நன்மைதான். வயலில் நிற்பவனின் வாய்ச்சொல் அதில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அந்நூலிடமும் நாம் கேட்கவேண்டும்.

பிற்காலத்தில் எழுந்த இரு கதைகளையும் இங்கே சேர்த்து நோக்குதல் தகும். லோயிஸ் லௌரி என்னும் அமெரிக்க அம்மையார் 1993-இல் சிறுவர்க்காக எழுதிய 'தி கிவர்' என்னும் கதையில், குறை ஒரு சொல்லுக்குள் மறைக்கப்பட்டிருக்கிறது. அவ்வூரில் முதியோரும், எடை குறைந்த குழந்தைகளும் 'விடுவிக்கப்படுகின்றனர்'. எங்கோ வேற்றிடத்துக்கு அனுப்பப்படுகின்றனர் என்றே எல்லாரும் எண்ணியிருக்கின்றனர். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், தன் அன்புள்ள தந்தை இரட்டைக் குழந்தைகளுள் எடை குறைந்ததை ஊசி போட்டுக் கொல்வதைக் கண்ட அன்றுதான் அச்சொல்லின் பொருளை அறிகிறான். தந்தை கொடியவர் அல்லர் என்பதே இதில் அச்சந்தரும் செய்தி. குழந்தைக்குக் கையசைத்து விடைகொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்.

உர்சுலா லெ குவின் 1973-இல் எழுதிய 'ஓமெலாஸ்' கதையிலோ எதுவும் மறைக்கப்படவில்லை. ஓமெலாஸ் விழாக்கோலம் பூண்ட நகரம். அரசனும் இல்லை, அடிமையும் இல்லை. ஆனால் ஒரு கட்டடத்தின் அடியில், துடைப்பங்கள் கிடக்கும் சன்னலற்ற சிற்றறையில், ஒரு குழந்தை அழுக்கிலும் இருளிலும் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. நகரத்தின் நல்வாழ்வு முழுவதும் அக்குழந்தையின் துன்பத்தோடு கட்டப்பட்டது; அதற்கு ஓர் அன்புச்சொல் சொன்னாலும் நல்வாழ்வு அழிந்துவிடும். நகரத்தார் எல்லாருக்கும் இது தெரியும். எட்டு வயது முதல் பன்னிரண்டு வயதுக்குள் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லி விடுகின்றனர். பிள்ளைகள் சென்று காண்கின்றனர், சினங்கொள்கின்றனர், அழுகின்றனர். பிறகு காரணம் தேடிக்கொள்கின்றனர்: இத்தனை காலம் இருளில் கிடந்த குழந்தைக்கு வெளிச்சம் தந்தாலும் அதனை நுகரத் தெரியாது என்கின்றனர். கண்ணிருந்தும் காணாதவர் அல்லர் இவர்கள், கண்டபின் பழகிக்கொண்டவர்கள். மறைத்து வைத்த குறையைக் காட்டிலும் எல்லாரும் அறிந்த குறையே நெடுநாள் வாழும் என்று இக்கதையைப் படித்தபின் நமக்குத் தோன்றுகிறது.

சிலர் மட்டும் பழகிக்கொள்ளாமல், ஒரு நாள் தனியே நகரத்தை விட்டு நடந்து சென்றுவிடுகின்றனர். அவர்களை வியந்து பேசுவோர் பலர். நமக்கு அவ்வியப்பு முழுமையாக எழவில்லை. அவர்கள் போனபின்னும் குழந்தை அங்கேயே இருக்கிறது. கதவும் பூட்டியே இருக்கிறது. அவர்கள் தூய்மையான கைகளோடு போகின்றனர், அவ்வளவே. கதையில் வெளியேறும் உரிமை மேலே விருந்துண்டவர்களுக்கே இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் வெளியேறியவர்களோ கீழறையில் அடைக்கப்பட்டிருந்தவர்கள். தாமே கதவைத் திறந்துகொண்டு இலட்சக்கணக்கில் வெளிவந்தனர். எந்த எழுத்தாளரும் அவ்வாறு ஒரு முடிவைத் தம் கதைக்கு எண்ணிப் பார்த்ததாக நமக்குத் தெரியவில்லை. அக்குழந்தைக்குப் பேச்சு மறந்துவிடவில்லை என்று லெ குவின் எழுதியிருக்கிறார்; நல்லபடியாக இருப்பேன், என்னை வெளியே விடுங்கள் என்று அது சொல்லிப் பார்த்ததாம். அதனைக் கேட்டவர்கள் உண்டு. மறுமொழி கூறியவர் இல்லை.

மீண்டும் ஹக்ஸ்லியின் நாவலுக்கே வருவோம். ஒரு மாலைப்பொழுது, ஹென்றி என்பவனும் லெனினா என்னும் நங்கையும் வானூர்தியில் இலண்டனுக்குத் திரும்புகின்றனர். கீழே சுடலைக் கட்டடம் தெரிகிறது. எரிக்கப்படும் உடலிலிருந்து பாஸ்பரசைப் பிரித்தெடுத்து நிலத்துக்கு உரமாக்குகின்றனர். ஓர் உடலுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கிடைக்கும் என்று ஹென்றி பெருமையோடு கூறுகிறான். உயர்ந்த ஆல்பாவின் உடலும் தாழ்ந்த எப்சிலனின் உடலும் ஒரே அளவுதானே தருகின்றன, இது விந்தையாக இருக்கிறதே என்கிறாள் லெனினா. இரசாயன முறையில் எல்லா மனிதரும் சமம் என்று அவன் விடை கூறுகிறான். அந்நாட்டில் சமத்துவம் சாம்பலிலாவது இருக்கிறது. நம் நாட்டில் எத்தனையோ ஊர்களில் சுடுகாடே இரண்டு.

அப்பொழுது லெனினாவுக்கு ஓர் எண்ணம் வருகிறது. எப்சிலன்களுக்கு எப்சிலன்களாக இருப்பதில் வருத்தம் இருக்காதல்லவா என்று கேட்கிறாள். வேறு நிலையை அறியாதவர்களுக்கு வருத்தம் எவ்வாறு வரும் என்கிறான் ஹென்றி. அவ்வளவில் அவள் அமைதியடைகிறாள். தான் எப்சிலன் அல்லள் என்பதில் அவளுக்கு மகிழ்ச்சி.

இந்த விடையைப் படித்தபோது நாம் சில பக்கங்கள் பின்னோக்கிச் சென்றோம். அதே நாள் பிற்பகல், லெனினா பணி முடித்து லிப்டில் மேல்தளத்துக்கு ஏறியிருந்தாள். லிப்டை இயக்கியவன் கறுப்புச் சட்டை அணிந்த எப்சிலன். ஹக்ஸ்லியும் அவனைக் குரங்கு போன்ற சிற்றுருவம் என்றே எழுதுகிறார். மேல்தளம் வந்து கதவைத் திறந்ததும் பிற்பகல் வெயில் அவன்மேல் விழுகிறது. அவன் திடுக்கிட்டுக் கண் சிமிட்டுகிறான். ஆழ்ந்த மயக்கத்திலிருந்து விழித்தவன்போல அவன் முகம் மலர்கிறது. மேல்தளம் என்னும் சொல்லைப் பரவசத்தோடு மறுபடியும் உச்சரிக்கிறான். அங்கிருந்தோர் முகங்களை அண்ணாந்து நோக்கிப் புன்னகை செய்கிறான். அவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டு வெளிச்சத்துக்குள் இறங்கிப் போகின்றனர். அவன் அவர்களைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். மணி அடிக்கிறது. கூரையிலுள்ள ஒலிபெருக்கி மெல்லிய குரலில், ஆனால் கண்டிப்போடு, பதினெட்டாம் மாடிக்கு இறங்குமாறு பணிக்கிறது. அவன் கதவைச் சாத்துகிறான். லிப்ட் இருளுக்குள் இறங்குகிறது. அதன்பின் நாவல் அவனைப் பற்றிப் பேசவில்லை.

வெளிச்சத்துக்குள் இறங்கிப் போனவர்களுள் லெனினாவும் ஒருத்தி. அன்று மாலை அவள் தன் ஐயத்தை ஹென்றியிடம்தான் கேட்டாள்.